இறுகிப்போன திருகாணியும் பிறேக் தட்டும்

வாகனமொன்றின் முன் சில்லைக் கழற்றினால் உள்ளே பளபளப்பான வட்டத் தட்டொன்று தெரியும். இதுவே பிறேக் தட்டு. சில்லோடு சேர்ந்து சுழலும் இத்தட்டை இரு புறமிருந்தும் பிறேக் பாட்கள் நெரிக்கும்போது வாகனம் நிற்கின்றது. ஒவ்வொரு தடவை பிறேக் மிதிக்கும்போதும் பாட் தேய்வதுபோலத் தட்டும் சிறிது தேய்கின்றது. எந்தத் தடிப்புக்குக் கீழே அதனைப் பாவிக்கக்கூடாது என்பது பெரும்பாலான தட்டுகளின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எல்லையைத் தாண்டித் தேய்ந்த தட்டு கூடுதலாகச் சூடேறும், வெடிக்கவும் கூடும். அதனை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வேலை பெரிதல்ல. கருவிகளில் ஓரளவு பழக்கமுள்ள ஒருவர் வீட்டு முற்றத்திலேயே அரை நாளில் செய்து முடிக்கலாம். ஆனால் பல வீடுகளில் இந்த வேலை ஒரு சிறு திருகாணியிலே வந்து நின்றுவிடுகின்றது. தட்டை நடுவிலுள்ள ஹப்போடு சேர்த்துப் பிடிக்கும் தட்டைத்தலைத் திருகாணி அது. திருப்புளியை வைத்துத் திருப்பினால் தலையிலுள்ள சிலுவைப் பள்ளம் உரிந்துபோகும், திருகாணி அசையாது. அயலில் உள்ள மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "அண்ணை, இது வராது. ஹப்போடை சேர்த்துத்தான் மாத்தவேணும்" என்று சொல்லிவிடுவார். ஹப்பை மாற்றுவதென்றால் பெயரிங்கும் மாற்றவேண்டும். அதற்கு அழுத்தும் இயந்திரமுள்ள கராஜ் வேண்டும். செலவு பன்மடங்காகும். வேலை அடுத்த போகத்துக்குத் தள்ளிவைக்கப்படும். தேய்ந்த தட்டோடு வாகனம் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

சொந்தக் காணியைவிட்டு இடம்பெயர்ந்து வாழும் எம் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு பழைய காரையோ வானையோ வைத்திருக்கின்றனர். மரக்கறி ஏற்றுவதும், பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோவதும், நடுச்சாமத்தில் நோயாளியைக் கொண்டு ஓடுவதும் அதிலேதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடையில் 2022இல் டொலரின் விலை சில வாரங்களுக்குள் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறிற்று. அதே ஆண்டில் எரிபொருள் இல்லாமல் எத்தனையோ வாகனங்கள் மழையிலும் உப்புக் காற்றிலும் மாதக்கணக்காக நின்றன. ஆகவே இன்று எமது தெருக்களில் ஓடும் வாகனங்களில் பெரும்பகுதி வயதானவை; அவற்றின் திருகாணிகளும் அப்படியே. இந்தச் சிறு ஆணியை எப்படி வெல்வது என்று அறிந்து வைத்திருப்பது வீணாகாது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். எல்லா வாகனத்திலும் இந்தத் திருகாணி இல்லை. ஹொண்டா கார்களில் ஒரு தட்டுக்கு இரண்டு இருக்கும். டொயோட்டாக் கார்கள் பலவற்றில் ஒன்றுமே இராது. தட்டு சில்லு போல்ற்றுகளின்மேல் சும்மா மாட்டப்பட்டிருக்கும். எம் ஊர்களில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த மொறிஸ் மைனர் கார்களில் தட்டு இல்லை, பிறேக் ட்றம்தான். ஆனால் அந்த ட்றமையும் இதேபோன்ற இரண்டு திருகாணிகளே பிடித்திருந்தன. வேறு சில வான்களிலும் ஜீப்களிலும் தட்டு ஹப்பின் பின்புறமிருந்து பெரிய போல்ற்றுகளால் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் போல்ற்றுகள் பிறேக்கின் முழுப் பாரத்தையும் தாங்குபவை. அவற்றை இங்கே நாம் சொல்லும் சிறு திருகாணியோடு ஒருபோதும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

சிறு திருகாணியின் வேலை என்ன? தொழிற்சாலையில் வாகனம் பூட்டப்படும்போது சில்லு ஏறும்வரை தட்டு விழாமல் பிடித்திருப்பதே. சில்லைப் பூட்டி அதன் சுரைகளை இறுக்கியபின், தட்டை ஹப்போடு நெரித்து வைத்திருப்பவை அந்தச் சுரைகளே. கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஹொண்டாக் கார்களில் இத்திருகாணியை இறுக்கவேண்டிய அளவு ஏறக்குறைய 10 நியூட்டன் மீற்றர் மட்டுமே. சில்லுச் சுரை ஒவ்வொன்றையும் 108 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கவேண்டும். எனவே இத்திருகாணி முறிந்துபோனாலோ, துளைத்து எடுக்க நேர்ந்தாலோ வாகனம் பாழாகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. அது இல்லாமலும் பிறேக் சரியாக வேலை செய்யும். சில்லைக் கழற்றும்போது தட்டு சரிந்து ஆடும், அதன் பின்னால் துருத்தூள் புகுந்துகொள்ளும் என்பவையே குறைபாடுகள். மெக்கானிக் சொன்னதைக் கேட்டு ஹப்பையே மாற்றும் முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

இவ்வளவு மெதுவாக இறுக்கப்பட்ட ஆணி இவ்வளவு கடுமையாகப் பிடிப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று துரு. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கின்றது. புரிகளுக்கிடையே இடமில்லாத இடத்தில் துரு வளர்ந்து ஆப்புப்போல இறுகுகின்றது. மற்றது தலையின் வடிவம். இதன் தலை கூம்பு வடிவானது. தட்டிலுள்ள கூம்புக் குழிக்குள் அமர்ந்திருப்பது. ஆகவே உராயும் பரப்பு அதிகம். பிறேக்கின் சூடும், பிறகு மழைத் தண்ணீரும் மாறி மாறிப் படும் இடமென்பதால் அந்தக் கூம்பும் குழியும் ஒன்றாகவே ஒட்டிவிடுகின்றன. பல சமயங்களில் புரி இலகுவாகவே இருக்கும், பிடித்திருப்பது தலைதான். வைத்தியமும் தலையிலிருந்தே தொடங்கவேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். வாகனத்தை மட்டமான, உறுதியான நிலத்தில் நிறுத்த வேண்டும். எமது பகுதி மணலிலும் மாரி காலச் செம்மண்ணிலும் ஜக் சரிந்துபோகும். அதன் கீழே தடித்த பலகை ஒன்றை வையுங்கள். மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, சில்லுச் சுரைகளை நிலத்திலிருக்கும்போதே சிறிது தளர்த்தி, பிறகு ஜக் போட்டு உயர்த்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி எவரும் வேலை செய்யக்கூடாது. உறுதியான மரக்குற்றியோ தாங்கியோ கொடுத்து, கழற்றிய சில்லையும் வாகனத்தின் கீழே படுக்கவைத்துவிட வேண்டும். அடுக்கிய சீமெந்துக் கல்லைத் தாங்கியாக வைப்பதைப் பல இடங்களில் காண்கின்றோம். அக்கல் முன்னறிவித்தல் இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கக் கூடியது.

பழைய பிறேக் பாட்களில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆகவே தூளை வாயால் ஊதவோ காற்று அடித்துப் பறக்கவிடவோ கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள். பிள்ளைகளை அந்த இடத்திற்கு அண்டவிடாதீர்கள்.

பலர் முதலிலேயே கலிப்பரைக் கழற்றிவிட்டுத் திருகாணிக்கு வருகின்றனர். அதற்குப் பிறகு திருப்பும்போது தட்டும் ஹப்பும் சேர்ந்து சுழலும். பலம் முழுவதும் வீணாகும். கலிப்பர் பூட்டியிருக்கும்போதே, ஒருவர் உள்ளே இருந்து பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்க, திருகாணியைத் தளர்த்துவதே நல்லது. ஆனால் அவ்வாறு செய்யும்போது எண்ணெயைத் துளித்துளியாகவே விடவேண்டும். பாட் எண்ணெய் குடித்துவிட்டால் அதனைத் திரும்பப் பாவிக்க முடியாது.

அடுத்தது திருப்புளி. எமது கருத்தில் உரிந்துபோகும் திருகாணிகளில் பெரும்பாலானவை உரிவது துருவால் அல்ல, பிழையான திருப்புளியால். வீட்டில் இருக்கும் சிலுவைத் திருப்புளி பெரும்பாலும் 2ஆம் இலக்கம். இந்த 6 மில்லிமீற்றர் திருகாணிக்கு வேண்டியது 3ஆம் இலக்கம். சின்னது பெரிய பள்ளத்துக்குள் போகும், திருப்பவும் தொடங்கும், பிறகு சுவர்களை அரைத்துவிட்டு வெளியே குதிக்கும். இன்னொரு விடயமும் உண்டு. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936இல் உரிமைப் பதிவு பெற்ற சிலுவைத் திருகாணியும், ஜப்பான் நியமத்தின்படி செய்த சிலுவைத் திருகாணியும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பள்ளத்தின் வடிவில் சிறிது வேறுபட்டவை. ஜப்பானியத் திருகாணிகள் பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அதற்கு ஜப்பான் நியமத் திருப்புளி கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டால், நுனி தேயாத நல்ல 3ஆம் இலக்கமே போதும்.

திருப்புளியை வைக்கும் முன் பள்ளத்துக்குள் இருக்கும் துருவையும் அழுக்கையும் ஓர் ஊசியாலோ கூரான கம்பியாலோ முற்றாகக் கிளறி எடுங்கள். அடியில் அரை மில்லிமீற்றர் அழுக்கு இருந்தாலும் நுனி முழுதாக அமராது. பிறகு வைத்துப் பாருங்கள். ஆடாமல் நிமிர்ந்து நின்றால் சரி. ஆடினால் திருப்பவே வேண்டாம்.

பிறகு எண்ணெய். கடையில் விற்கும் ஊடுருவும் எண்ணெய் சிறந்தது. இல்லாவிடில் மண்ணெண்ணெயில் சிறிது எஞ்சின் ஒயில் கலந்து, தலையின் விளிம்பைச் சுற்றி இரண்டு மூன்று துளி விட்டு, இரவு முழுதும் ஊறவிடலாம். அவசரப்படுவோர் ஐந்து நிமிடத்தில் எண்ணெய் வேலை செய்யவில்லை என்று கைவிடுகின்றனர். தலையின் நடுவே ஒரு தட்டை முனை இரும்பை வைத்து நான்கைந்து தடவை நேராக அடித்து, பிறகு மீண்டும் ஒரு துளி விட்டால் எண்ணெய் உள்ளே இறங்கும். கூம்பின் துரு அதிர்ந்து உடைவதற்கு இந்த அடியே பெரிதும் உதவும். இவ்வேலை முடிந்ததும் வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.

இந்த வேலைக்கென்றே உள்ள கருவி, சுத்தியலால் அடிக்கும் இம்பக்ற் திருப்புளி. தடித்த உருக்குக் குழாய்போல இருக்கும். அதன் பின்பக்கத்தில் சுத்தியலால் அடித்தால், உள்ளே இருக்கும் சரிவான பள்ளம் அந்த அடியின் ஒரு பகுதியைத் திருப்பு விசையாக மாற்றுகின்றது. கையால் திருப்பும்போது சிலுவைப் பள்ளத்தின் சரிந்த சுவர்கள் நுனியை வெளியே தள்ளும். இங்கே திருப்பும் அதே கணத்தில் அடியின் பாரம் நுனியை உள்ளே அழுத்துவதால் அது வெளியே குதிக்க முடியாது. அதே அடி துருவையும் உடைக்கின்றது. மூன்று வேலை ஓர் அடியில்.

பாவிக்கும் முறையிலே ஒரு நுணுக்கம் உண்டு. கருவி கழற்றும் திசைக்கு, அதாவது மணிக்கூட்டுக்கு எதிர்த்திசைக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறுக்கும் திசையில் அடித்து இன்னும் இறுக்கியவர்களைக் கண்டிருக்கின்றோம். நுனியைப் பள்ளத்தில் வைத்து, கையால் அழுத்தி, கழற்றும் திசையில் முறுக்கிப் பிடித்துக்கொண்டே அடிக்கவேண்டும். முறுக்கிப் பிடிக்காவிட்டால் அடி வெறும் தளர்வை நிரப்புவதிலே போய்விடும். இரண்டு இறாத்தல் சுத்தியல் போதும். பயந்து பயந்து பத்து அடி அடிப்பதைவிட நேராக ஓர் உறுதியான அடி மேல். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். உருக்குத் துகள் தெறிக்கும். பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது அடியில் திருகாணி அசைந்துவிடும். அசைந்தபின் சாதாரணத் திருப்புளியால் எடுத்துவிடலாம்.

இக்கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையில்லை. விவசாய சங்கத்தில் ஒன்று இருந்தால் ஊருக்கே போதும். அதுவும் கிடைக்காத இடத்தில், பிடிக்குள்ளாக உருக்குத் தண்டு முழு நீளமும் ஓடும் திருப்புளி ஒன்றும் ஒரு ஸ்பனரும் கொண்டு ஓரளவு சமாளிக்கலாம். ஒருவர் திருப்புளியை அழுத்தி, அதன் அறுகோணக் கழுத்தில் ஸ்பனரை மாட்டித் திருப்ப, மற்றவர் பின்னால் அடிக்க வேண்டும். பள்ளம் சிறிது உரிந்திருந்தால், வால்வு அரைக்கும் பசையில் ஒரு பொட்டு நுனியில் தடவுங்கள். அதிலுள்ள மணல்போன்ற துகள் பிடிப்பைக் கூட்டும்.

நெருப்பு வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் இந்த இடத்தில் எமக்கு அது விருப்பமில்லை. சில அங்குலத்துக்குள் இறப்பர் பிறேக் குழாயும், பெயரிங்கின் கிறீஸும், புதிய வாகனமாயின் சில்லின் வேகம் அளக்கும் வயரும் இருக்கின்றன. எண்ணெய் விட்ட இடம் தீப்பற்றும். பிறேக் துப்புரவாக்கும் தெளிப்பான்களில் குளோரீன் கலந்தவை உண்டு. அவை தெளித்த இடத்தைச் சூடாக்கினால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். முதலாம் உலகப் போரில் ஆயுதமாகப் பாவிக்கப்பட்ட வாயு அது.

பள்ளம் முற்றாக உரிந்துவிட்டால் உளியை எடுங்கள். கூரான சிறு உளியைத் தலையின் விளிம்புக்கு அருகில் செங்குத்தாக வைத்து அடித்து ஒரு வெட்டு உண்டாக்குங்கள். பிறகு உளியைச் சரித்து, அந்த வெட்டிலே கழற்றும் திசைக்கு அடியுங்கள். விளிம்பு நடுவிலிருந்து தூரமாதலால் சிறு அடியும் பெரிய திருப்பு விசையைத் தரும். எம் ஊர் இரும்பு வேலைக்காரர் பரம்பரையாகச் செய்யும் முறை இது. புத்தகத்தில் இராது, ஆனால் பலிக்கும்.

அதுவும் பலிக்காவிடின் ட்றில். தலையின் சரி நடுவில் புள்ளியடித்து, முதலில் 3 மில்லிமீற்றர் அலகால் சிறிது துளைத்து, பிறகு 6.5 மில்லிமீற்றர் அலகால் கூம்பின் ஆழம் வரை மட்டும் துளையுங்கள். மெதுவான வேகம், நல்ல அழுத்தம், இடையிடையே ஒரு துளி எண்ணெய். தலை தண்டிலிருந்து பிரிந்து அலகோடு சுழலத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் துளைத்தால் ஹப்பின் புரி கெட்டுவிடும். தட்டை எடுத்ததும் தண்டின் சில மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இறுக்கிப் பூட்டும் குறட்டால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் கையோடு வரும், ஏனெனில் அதை இழுத்துப் பிடித்திருந்த தலை இப்போது இல்லை.

திருகாணி போனபின்பும் தட்டு அசையாமல் ஒட்டியிருக்கலாம். கலிப்பரைக் கழற்றி, அதனைக் கம்பியால் மேலே கட்டித் தூக்கிவிடுங்கள். பிறேக் குழாயில் தொங்கவிடக்கூடாது. தட்டின் முகத்தில் எதிரெதிரே புரியுள்ள இரண்டு துளைகள் இருந்தால் அவை இதற்காகவே வைக்கப்பட்டவை. 8 மில்லிமீற்றர் போல்ற்றுகள் இரண்டை அவற்றில் பூட்டி, மாறி மாறிக் கால் சுற்று இறுக்கிவர, தட்டு தானாகக் கிளம்பும். துளை இல்லாவிடில் சில்லு போல்ற்றுகளுக்கிடையே அடித்து, சுழற்றிச் சுழற்றி மறுபடி அடிக்கலாம். மீண்டும் பாவிக்கப்போகும் தட்டாயின் நடுவில் மரக்கட்டை கொடுத்தே அடிக்கவேண்டும்.

புதிய தட்டைப் பூட்டும் முன் ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிறஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்துத் துப்புரவாக்குங்கள். ஒரு துருப்பொருக்கு இடையில் அகப்பட்டாலும் தட்டு நெளிந்தோடும். மிதிக்கும்போது ஸ்ரியறிங் நடுங்கும். புதிய தட்டில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதனைச் சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு கழுவி உலர்த்துங்கள். மண்ணெண்ணெயால் துடைத்தால் எண்ணெய்ப் படலம் மிஞ்சும். தட்டுகளை இரு பக்கமும் சோடியாகவே, புதிய பாட்களோடு மாற்றவேண்டும். பழைய திருகாணியை மீண்டும் போடாமல் புதியது வாங்குங்கள். அதன் புரியிலும் கூம்பிலும் நகக்கண் அளவு கிறீஸ் தடவிக் கையால் இறுக்கினால் போதும். அந்தக் கிறீஸ் தட்டின் உராயும் பகுதிக்குப் பரவக்கூடாது. கலிப்பரின் போல்ற்றுகளை மட்டும் சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்கி, இருவர் இரு முறை பார்க்கவேண்டும்.

எல்லாம் பூட்டியபின், வாகனத்தை ஓரங்குலம் நகர்த்தும் முன்பே பிறேக்கைப் பல தடவை மிதியுங்கள். புதிய பாட்களுக்கு இடம்விடப் பின்னே தள்ளிய பிஸ்டன் முன்னே வரும்வரை முதல் மிதிகள் வெறுமையாகவே இறங்கும். இதை மறந்து வாகனத்தை எடுத்தவர் வேலியில் போய்த்தான் நிற்பார். பிறேக் ஒயிலின் மட்டத்தையும் பாருங்கள். முதற் சில நூறு கிலோமீற்றருக்குத் திடீர்ப் பிறேக்கைத் தவிர்த்தால் பாட்டும் தட்டும் ஒன்றுக்கொன்று படிந்துவிடும்.

கார் இல்லாதவர்களுக்கும் இதில் பயனுண்டு. நீரிறைக்கும் இயந்திரத்திலும் இரு சக்கர உழவு இயந்திரத்திலும் இதே சிலுவைத் திருகாணிகளே பல இடங்களில் இருக்கின்றன. பல ஆண்டுகள் கழிந்து காணிக்குத் திரும்பியோர், பற்றைக்குள்ளிருந்து கண்டெடுத்த இயந்திரத்தை முதலில் திறக்க முயல்வதும் அவற்றால்தான். அங்கே ஒரு வேறுபாடு உண்டு. இயந்திரத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியம். கடுமையாக அடித்தால் அது வெடிக்கும். உளியை மிகக் கவனமாகவே பாவிக்கவேண்டும். ஆனால் சூடு அங்கே பெரிதும் உதவும். சூடேறும்போது அலுமினியம் உருக்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால் திருகாணியின் பிடி தளரும். எரிபொருள் தாங்கியையும் காபரேற்றரையும் முற்றாகக் கழற்றி அப்புறப்படுத்திவிட்டு, சுவாலை படாமல், கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துச் சில நிமிடம் பொறுத்து, துணி எடுத்த சூட்டோடு திருப்பிப் பாருங்கள். ஒரு தடவையில் வராவிட்டால் எண்ணெய் விட்டு ஆறவைத்து மறுநாள் திரும்பச் செய்யுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்து, நான்காம் நாள் விரலால் கழற்றிய திருகாணிகளும் உண்டு.